சருகுக்கு அடியில்

ஈப்போவில் தாமான் வீடுகளின் வாசலுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் இருக்கும். அதில் கறிவேப்பிலையோ செம்பருத்தியோ வைத்தவர்கள் ஒரு முறையாவது இதை யோசித்திருப்பார்கள். முந்தாநாள் மாலை இடியோடு கொட்டிய மழையில் வாசல் கால்வாய் நிரம்பி ஓடியது. இன்று பாத்தியைத் தொட்டால் விரல் இறங்கவில்லை. மண் இறுகி, மேலே மெல்லிய வெடிப்பு விட்டு, கன்று தலை தொங்கி நிற்கிறது. அதே மழையை வாங்கிய பழைய ரப்பர்த் தோட்டம் பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. அங்கே யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, மண்ணைக் கொத்தி விடுவதில்லை. காலால் சருகை ஒதுக்கினால் மண் கறுப்பாக, ஈரமாக, பொலபொலவென்று கிடக்கிறது.

மண் வேறு வகை என்று சொல்லிவிடலாம். கிந்தா பள்ளத்தாக்கில் அது பாதி உண்மையும்கூட. ஈயச் சுரங்கம் தோண்டிக் கழித்த வெறும் மணலின்மேல் எத்தனையோ தாமான்கள் எழுந்திருக்கின்றன. ஆனால் தோட்டத்தை அழித்து, அதே தோட்டத்து மண்ணிலேயே கட்டிய வீடுகளிலும் இதே கதைதான். தோட்டத்தில் இருந்து வீட்டு வாசலில் இல்லாமல் போன பொருள் ஒன்றுதான்: தினமும் காலையில் நாம் கூட்டி அள்ளி மூட்டை கட்டி வெளியே வைக்கிற சருகு.

மண்ணின்மேல் சருகு, வைக்கோல், மரத்துண்டு என்று எதையாவது பரப்பி வைப்பதற்கு மூடாக்கு என்று பெயர். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பைன் மரத்தின் ஊசிச் சருகைக் கட்டுக் கட்டாக விற்று வீட்டுத் தோட்டங்களில் பரப்புகிறார்கள். காணொளிகளில் அதைப் பார்த்துவிட்டு, இங்கே பைன் ஊசி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு வரும் முன்னால் மூடாக்கு என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மழைத்துளி அடிக்கும் அடி

வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை செம்மண் புள்ளிகள் அப்பியிருக்கும். யாரும் மண்ணை வாரி அடிக்கவில்லை. மழைத்துளி விழுந்த வேகத்தில் தெறித்த மண் அது. 5 மில்லிமீட்டர் பருமனுள்ள பெரிய துளி, மணிக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. மோதிய இடத்தில் மண் கட்டி உடைந்து பொடியாகிறது. பொடியில் கனமான மணல் அங்கேயே தங்கிவிடும். மிக நுண்ணிய களித்துகள் தண்ணீரோடு கலந்து, மண்ணின் துளைகளுக்குள் இறங்கி அவற்றை அடைக்கும். வெயில் வந்ததும் அந்தப் படலம் காய்ந்து பொருக்காகிறது. விரலைத் தடுத்தது அந்தப் பொருக்குதான். அடுத்த மழை அதன்மேல் விழும்போது தண்ணீர் உள்ளே இறங்க வழி தெரியாமல் கால்வாயைத் தேடி ஓடிவிடும்.

மண்ணரிப்புக்குக் காரணம் ஓடும் தண்ணீர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே, விழும் துளி மண்ணைப் பெயர்த்துக் கொடுத்துவிடுகிறது என்பதை அமெரிக்க மண்ணியலாளர் டபிள்யூ. டி. எலிசன் 1940-களில் சோதனைகள் வழியாகக் காட்டினார். அடிப்பது துளி, அடித்ததைச் சுமந்து போவது ஓட்டம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் பாதி புரிந்துவிடும்.

நான்கு சதுர மீட்டர் பாத்தி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புந்தோங்கில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலியை ஒட்டி 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தி. ஈப்போவில் பிற்பகல் இடிமழை ஒன்று 50 மில்லிமீட்டர் பெய்வது அரிதான சங்கதி இல்லை. 50 மில்லிமீட்டர் என்றால் இந்தப் பாத்தியின்மேல் மட்டும் 200 லிட்டர், அதாவது 200 கிலோ தண்ணீர்.

அந்தத் தண்ணீர் எவ்வளவு பலத்தோடு வந்து விழுகிறது? கனமழையின் துளிகளுடைய எடையையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டால், 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றை மூன்று மாடி உயரத்திலிருந்து அந்தப் பாத்தியில் போட்டதற்குச் சமமான ஆற்றல் வருகிறது. மூட்டை ஒரே இடத்தில் விழும். மழை அதைக் கோடிக்கணக்கான சிறு அடிகளாகப் பிரித்து, பாத்தியில் ஓர் இடம் விடாமல் அடிக்கும். ஈப்போவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. தைப்பிங்கில் 4,000-ஐத் தொடும். மூட்டை எத்தனை முறை விழுகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இப்போது அதே பாத்தியில் 8 சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகு பரப்பியிருக்கிறது என்று வையுங்கள். உரச்சாக்கில் அள்ளினால் ஐந்தாறு சாக்கு பிடிக்கும். துளி சருகில் மோதுகிறது, சருகு அசைகிறது, ஆற்றல் அங்கேயே தீர்ந்துபோகிறது. தண்ணீர் இலைக்கு இலை வழிந்து, நிதானமாகச் சொட்டி மண்ணை அடைகிறது. மண் கட்டி உடையவில்லை, துளை அடைபடவில்லை. 200 லிட்டரில் பெரும்பகுதி உள்ளே இறங்குகிறது. மறுநாள் சுவரைப் பார்த்தால் செம்புள்ளி இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். தோட்டத்தில்தான் தலைக்குமேல் மரம் இருக்கிறதே, மழையின் வேகத்தை மரமே தடுத்துவிடாதா? தடுக்காது. உயர்ந்த ரப்பர் மரத்தின் இலைகளில் விழும் தண்ணீர் இலை நுனியில் சேர்ந்து திரண்டு, மழைத்துளியைவிடப் பெரிய துளியாகச் சொட்டுகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் கீழே வருவதற்குள் இழந்த வேகத்தில் பெரும்பங்கை மீட்டுக்கொள்கிறது. மரம் குடையாக நிற்கிறது என்று நாம் நினைக்கும் இடத்திலும் மண்ணைக் காப்பது தரையில் கிடக்கும் சருகும் செடிகொடியும்தான். இந்த ஒரு விவரம் தெரியாமல் போனதற்கு மலாயாத் தோட்டங்கள் கொடுத்த விலை பெரிது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெயில் குடிக்கும் தண்ணீர்

உள்ளே இறங்கிய தண்ணீரைக் காப்பது அடுத்த வேலை. ஈரமான வெற்று மண், நம் வெயிலில் நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிடும். நம்முடைய பாத்தியில் அது 16 முதல் 20 லிட்டர், அதாவது இரண்டு வாளி. செடி குடிக்காத தண்ணீர் இது, காற்றுக்குப் போய்விட்டது.

ஆவியாக வெயில் வேண்டும், ஈரத்தை அள்ளிப்போகக் காற்று வேண்டும், கீழிருந்து ஈரம் மேலேறி வரவும் வேண்டும். மண்ணின் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் தானாக மேலே ஊர்ந்து வருவதை நுண்துளை ஏற்றம் எனலாம். சுவரின் அடியில் ஓதம் ஏறுவதும் இதனால்தான். சருகு வெயிலை மறைக்கிறது. காற்று மண்ணை உரசிப்போவதைத் தடுக்கிறது. மூன்றாவதாக அது செய்வதுதான் நுட்பமானது. சருகுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் பெரியவை. நுண்துளையில் ஏறிவந்த தண்ணீருக்கு அந்தப் பெரிய இடைவெளியைத் தாண்டி மேலேற வழியில்லை. மண்ணின் மேற்பரப்போடு ஏற்றம் நின்றுபோகிறது. ஆவியாகும் தண்ணீர் பாதிக்கும் கீழே குறைகிறது.

வெப்பமும் அப்படித்தான். உச்சிவெயிலில் காய்ந்த வெற்று மண்ணின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸைத் தாண்டும். பழைய சுரங்க மணலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இது தெரியும். தடித்த சருகுக்கு அடியில் 30 பாகையை ஒட்டியே இருக்கும். செடி சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் பரவுகின்றன. அவை வெந்துபோனால் கீழே எவ்வளவு ஈரம் இருந்தும் என்ன பயன்?

சருகைப் பிரித்துப் பார்த்தால்

பேராக்கில் ரப்பர் மரங்கள் ஆண்டுத் தொடக்கத்தில், பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி இலை கொட்டும். ஒரே காம்பில் மூன்று இலைகளாக இருக்கும் அந்த இலை செம்பழுப்பாக மாறி உதிரும். பால் குறையும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சரசரப்புச் சத்தம் காதில் இருக்கும். அது கொட்டி முடிந்து சில மாதம் கழித்து, பழைய தோட்டம் எதிலாவது குந்தி உட்கார்ந்து, ஒரு சாண் அகலத்துக்குச் சருகை மெதுவாக ஒவ்வோர் அடுக்காக நீக்கிப் பாருங்கள்.

மேலே இருப்பது முழு இலை. காய்ந்து, நொறுங்கி, ஈரமில்லாமல் இருக்கும். அதற்குக் கீழே இலைகள் நிறம் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒன்றைப் பிரித்தால் நடுவே வெள்ளை நூல்கள் இழுபடும். அவை பூஞ்சையின் உடல். மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான நுண்ணுயிர்களும் இங்கே குடியிருக்கின்றன. இன்னும் கீழே போனால் இலையின் சதை முழுவதும் போய் நரம்பு வலை மட்டும் மிஞ்சியிருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்னல் துணிபோல ஊடே பார்க்கலாம். இலைச் சதையை எளிதாகத் தின்ற நுண்ணுயிர்களுக்கு நரம்பில் இருக்கும் மரப்பசையைச் செரிக்க நாளாகும், அதனால்தான் அது கடைசி வரை நிற்கிறது. அதற்கும் கீழே இலை என்று சொல்ல எதுவும் இல்லை. கறுப்புக் குருணைகள். மண்புழுவும் மரவட்டையும் தின்று கழித்தவை. அவற்றின் ஊடே மரத்தின் மெல்லிய வேர்கள் வெண்மையாக ஓடிவந்திருக்கும். மரம் தான் உதிர்த்த இலையைத் தானே வந்து எடுத்துக்கொள்கிறது.

ஒரு சாண் இடத்தில் ஓர் இலையின் வாழ்வு மேலிருந்து கீழாக அடுக்கி வைத்திருக்கிறது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம் நாட்டில் பெரும்பாலான இலைகளுக்கு இந்தப் பயணம் முடிய ஓராண்டு போதும். குளிர்நாட்டுப் பைன் காடுகளில் பல ஆண்டுகள் பிடிக்கும்.

மண் பொலபொலப்பாக இருப்பதன் காரணமும் இங்கேதான். பூஞ்சை நூல்களும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பிசினும் மண்துகள்களைச் சேர்த்துக் குருணையாக்குகின்றன. குருணைக்கும் குருணைக்கும் இடையே தண்ணீரும் காற்றும் போகும் வழி திறந்திருக்கும். இந்த வேலையாட்களுக்குத் தீனி சருகு. வாசலைத் தினமும் துப்புரவாகக் கூட்டும் வீட்டில் அவை பட்டினி கிடந்து, குருணை கலைந்து, மண் செத்துப்போகிறது.

மண்ணைச் சுரண்டிய காலம்

மலாயாவின் முதல் ரப்பர் மரங்களில் சில பேராக்கில் நடப்பட்டவை. 1877-இல் கோல கங்சாரில் ஒன்பது கன்றுகள் ஊன்றப்பட்டதாகச் சொல்வார்கள். அவற்றில் ஒன்று என்று கருதப்படும் மரம் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் இன்றும் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அழித்துத் தோட்டங்கள் பெருகியபோது, துரைமார்கள் கண்ட நல்ல தோட்டத்தின் இலக்கணம் ஒன்றே: மரத்தைத் தவிர ஒரு புல்கூடத் தரையில் இருக்கக்கூடாது. லாலாங் புல் புகுந்துவிட்டால் மரம் வளராது என்ற பயம் அதற்குக் காரணம், அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் லாலாங்கோடு சேர்த்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் நம்முடைய பாட்டன் பூட்டிகள். விடியலில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மண்வெட்டியோடு நிரை நிரையாகப் போய்ப் புல்லை வெட்டினார்கள்.

மரம் இருக்கிறது, தரை வெறுமையாக இருக்கிறது, மேலே ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. இலை நுனியில் திரண்ட பெருந்துளி வெற்று மண்ணில் விழுந்தது. சரிவுகளில் மேல்மண் வழிந்தோடி ஆற்றில் கலந்தது. வேர் வெளியே தெரிய மரங்கள் நின்றன. அரிப்பைத் தடுக்க வரப்பும் மண்குழியும் வெட்டச் சொன்னார்கள், அதையும் நம்மவர்களே வெட்டினார்கள். காடாக இருந்தபோது சருகு கூலியில்லாமல் செய்த வேலையை, சருகை அகற்றிய பிறகு மனிதர்களை வளைத்துச் செய்யவைத்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாற்றம் மெதுவாக வந்தது. மலாயா ரப்பர் ஆய்வு நிலையம் 1925-இல் அமைக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய டபிள்யூ. பி. ஹெயின்ஸ் 1934-இல், தோட்டத்தில் தானாக முளைக்கும் செடிகொடிகளை அழிக்காமல் தேர்ந்து கட்டுப்படுத்திப் பயன்படுத்துவது பற்றி ஒரு கையேடே எழுதினார். பிறகு புவெரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா போன்ற பயறினக் கொடிகளை நிரைகளுக்கு நடுவே பரவவிடும் வழக்கம் வேரூன்றியது. கொடி மண்ணை மூடும், உதிர்ந்து மூடாக்காகும், வேர்முடிச்சால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். கொடி படர்ந்த நிலத்தில் இளமரங்கள் பால் வெட்டும் பருமனை விரைவாக எட்டின என்பது ஆய்வு நிலையம் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகளின் முடிவு. இன்று செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டைகளை நிரைக்கு நடுவே அடுக்குவதும், ஆலையிலிருந்து வரும் வெறுங்குலைகளைப் பரப்புவதும் அதே அறிவின் தொடர்ச்சி.

புல்லை ஒழிக்கும் பிடிவாதம் மட்டும் எளிதில் போகவில்லை, மண்வெட்டியை விட்டு மருந்துக்கு மாறியது. லாலாங்கைக் கொல்ல ஆர்சனிக் நஞ்சான சோடியம் ஆர்சனைட் தெளிக்கப்பட்டது. பின்னர் பாராகுவாட் வந்தது. முதுகில் தொட்டி சுமந்து அதைத் தெளித்தவர்களில் பெண்கள் ஏராளம், அவர்களில் தமிழ்ப் பெண்கள் மிகுதி. நகம் கழன்று, மூக்கில் இரத்தம் வடிந்து, கண் எரிந்து அவர்கள் பட்ட பாட்டைத் தெனாகானித்தா போன்ற அமைப்புகள் வெளியே கொண்டுவந்தன. 2002-இல் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவானது, 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது, கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் மலேசியாவில் முழுத்தடை வந்தது.

வீட்டுப் பாத்தியில் களையைத் தடுக்க மருந்தே வேண்டாம். சிறு களைவிதைகள் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். விதைக்குள் இருக்கும் ஒரு நிறமி, தன்மேல் வெளிச்சம் பட்டதா என்று அறிந்து சொன்ன பிறகுதான் விதை கண் திறக்கும். மண்ணைக் கொத்தும்போதெல்லாம் புதைந்திருந்த விதைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நாமே எழுப்பிவிடுகிறோம். 8 சென்டிமீட்டர் சருகுக்கு அடியில் அவை உறங்கியே கிடக்கும். லாலாங்குக்கு மட்டும் இது செல்லாது. அதன் நிலத்தடித் தண்டின் கூர்முனை எந்தச் சருகையும் துளைத்து வரும். முதலில் தண்டைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் மூடாக்குப் போட வேண்டும்.

பைன் ஊசியும் நம் ஊர் ஊசியும்

இப்போது பைனுக்கு வருவோம். ஜார்ஜியா, புளோரிடா, கரோலினாக்களில் நீண்ட ஊசி கொண்ட பைன் மரங்களின் சருகை வாரிக் கட்டி விற்கிறார்கள். அது நல்ல மூடாக்காக இருப்பதற்கு முதல் காரணம் வடிவம். ஊசிகள் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன, அதனால் சரிவிலும் மழைநீரோடு எளிதில் மிதந்து போவதில்லை. தட்டையான இலைகள் நனைந்து ஒட்டிப் படலமாவதுபோல ஊசிகள் ஆவதில்லை, தண்ணீரும் காற்றும் தாராளமாக உள்ளே போகும். மெழுகும் பிசினும் உள்ளதால் மெதுவாகவே மக்கும்.

மலேசியத் தீபகற்பத்தில் இயற்கையாக வளரும் பைன் கிடையாது. அண்டையில் சுமாத்ராவில் ஓர் இனம் உண்டு. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே தானாகப் பரவிய ஒரே பைன் இனம் அதுதான். கேமரன் மலைப் பக்கம் காண்பவை நட்டு வளர்த்தவை. சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி மூட்டை கட்டி வர வேண்டிய அவசியம் நமக்கில்லை. வேண்டியது அந்த வடிவம். அந்த வடிவம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

சவுக்கு. மலாய்க்காரர்கள் ரு என்பார்கள். பங்கோர், லுமுட் பக்கம் போனவர்கள் அதன் அடியில் மெத்தென்று கிடக்கும் சருகில் உட்கார்ந்திருப்பார்கள். பார்வைக்குப் பைன் போலவே இருந்தாலும் அதற்கும் பைனுக்கும் உறவில்லை. ஓர் ஊசியை எடுத்து இரண்டு கைகளாலும் மெல்ல இழுங்கள், கணுவில் கழன்று வரும். கழன்ற இடத்தை உற்றுப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி ஆறேழு நுண்ணிய பற்கள் தெரியும். அந்தப் பற்கள்தான் சவுக்கின் இலைகள். ஊசி என்று நாம் நினைத்தது பச்சைக் குச்சி. அதன் வேர்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால்தான் வெறும் கடல்மணலில் அதனால் நிற்க முடிகிறது.

சவுக்குச் சருகு கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் சிறு இலைகள் ஒட்டிப் படலமாவதில்லை, பயறினம் என்பதால் தழைச்சத்தும் மிகுதி. தைப்பிங் ஏரிப் பூங்காவில் தண்ணீரை நோக்கிக் கிளை தாழ்ந்து நிற்பவை இந்த மரங்கள்தான். அந்தப் பூங்கா, கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில் 1880-இல் உருவானது. சுரங்கம் தின்ற மண்ணை மரமும் சருகும் மீட்கும் என்பதற்குப் பேராக்கில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ரப்பர், மா, பலா போன்ற அகன்ற இலைகளை அப்படியே போடாமல் கையால் நொறுக்கியோ புல்வெட்டும் இயந்திரத்தை மேலே ஓட்டியோ துண்டாக்கி, குச்சிகளோடு கலந்து போட்டால் ஊசிச் சருகின் குணம் பெரும்பாலும் வந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சருகை உங்கள் வாசலிலிருந்தும் குப்பைக்குப் போகும் மூட்டையிலிருந்தும் எடுங்கள். பிறர் தோட்டத்துக்குள் போய் அள்ள வேண்டாம், கடற்கரையிலிருந்தும் வேண்டாம். அங்கே அது அந்த மரங்களின் உணவு. அமெரிக்காவிலேயே ஆண்டுதோறும் ஊசியை வாரிய பைன் காடுகள் சத்திழப்பது ஒரு கவலையாக இருக்கிறது.

பயங்களும் அவற்றின் அளவும்

பைன் ஊசி மண்ணைப் புளிப்பாக்கிவிடும் என்று சொல்வார்கள். பச்சை ஊசி புளிப்புத்தான். மக்கும்போது நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களை உடைத்துவிடுகின்றன, மேலே கிடக்கும் சருகால் அடிமண்ணில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது. போதாக்குறைக்கு, நம் தோட்டத்து மண் நெடுங்கால மழையில் சுண்ணச்சத்து கரைந்துபோய் ஏற்கனவே புளித்த மண்.

தழைச்சத்து பற்றிய பயம் கொஞ்சம் கவனிக்கத்தக்கது. நுண்ணுயிர்கள் கரிமத்தைத் தின்னத் தழைச்சத்தும் வேண்டும், ஏறக்குறைய 25 அல்லது 30 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு. பயறினச் சருகில் அந்த அளவு இருக்கும். மரத்தூளில் கரிமம் நூற்றுக்கணக்கான பங்கு. அதை மண்ணுக்குள் கொத்திக் கலந்துவிட்டால் நுண்ணுயிர்கள் பற்றாக்குறையை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். மேலே பரப்பினால் இந்த இழப்பு தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலத்தோடு நின்றுவிடும். மூடாக்கு மேலே கிடக்க வேண்டிய பொருள், உரம் போலக் கொத்தி விடக்கூடாது.

சருகு கிடந்தால் பாம்பு வரும் என்று பெரியவர்கள் சொன்னதை நான் தள்ளமாட்டேன். லயத்து வீட்டைச் சுற்றி எதுவும் கிடக்கக்கூடாது என்று அவர்கள் பழகியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் பாம்பு பதுங்குவது குவியலிலும் பொந்திலும் எலி நடமாடும் இடத்திலும். ஒரு சாணுக்கும் குறைவான கனத்தில் பரப்பிய சருகு அதற்கு வீடாகாது. பூரான் இருக்கலாம், கிளறும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டிங்கி பயத்துக்குப் பதில்: பரப்பிய சருகில் தண்ணீர் தேங்காது. பாளை, தேங்காய்த் தொட்டி, குழிந்து கிடக்கும் பெரிய மட்டை ஆகியவற்றில் தேங்கும், அவற்றைச் சேர்க்கக்கூடாது.

மெய்யாகவே அஞ்ச வேண்டியது இரண்டு. ஒன்று கரையான். சருகும் ஈரமும் வீட்டுச் சுவரைத் தொட்டுக் கிடந்தால் கரையான் மறைவாக ஏற வழியாகும். சுவருக்கும் மூடாக்குக்கும் நடுவே ஓர் அடியாவது வெறும் தரை இருக்கட்டும். மற்றொன்று பழைய தோட்டத்து நிலத்துக்கே உரியது: வெள்ளை வேர் நோய். ரப்பரின் வேரைத் தின்னும் இந்தப் பூஞ்சை, மரம் வெட்டிய பின்னும் மண்ணில் புதைந்த கட்டையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். பலா, மரவள்ளி போன்றவற்றையும் தாக்கும். ரப்பர் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடிக்க ஓர் உத்தி வைத்திருக்கிறார்கள். மரத்தின் அடித்தண்டைச் சுற்றிச் சருகைக் குவித்துச் சில வாரம் விடுவார்கள். நோய் இருந்தால் சருகின் ஈரத்தை நாடி வெள்ளை இழைகள் தண்டின்மேல் ஏறித் தெரியும். நோயைக் காட்டிக்கொடுக்கிற அதே ஈரம் நோயை வளர்க்கவும் செய்யும். உங்கள் பலாக்கன்றின் தண்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குச் சருகு படாமல் விடச் சொல்வது அதனால்தான்.

பரப்பும் விதம்

புந்தோங் பாத்திக்குத் திரும்புவோம். களையை வேரோடு எடுத்தாயிற்று. பொருக்கை ஒரு முறை உடைத்துவிட்டு, தொழுவுரம் இருந்தால் தூவி, தண்ணீர் ஊற்றி நனையுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் சிறுதூறல் சருகோடு நின்றுவிடும், மண் காய்ந்தே கிடக்கும். பிறகு ஐந்தாறு சாக்குச் சருகைப் பரப்புங்கள். முதல் இரண்டு மழையில் அது அமுங்கி ஐந்து சென்டிமீட்டராகும், அது சரியான கனம். கீரை விதைத்த இடத்தில் நாற்று ஒரு விரல் உயரம் வரும் வரை போட வேண்டாம், களையைத் தடுப்பது கீரையையும் தடுக்கும்.

மாதம் ஒரு முறை கையை நுழைத்து அடுக்கைப் பாருங்கள். மேலே முழு இலை, நடுவே வெள்ளை நூல், கீழே கறுப்புக் குருணை இருந்தால் வேலை நடக்கிறது. அடுக்கு முழுவதும் வழவழத்து நாற்றம் அடித்தால் கனம் அதிகம், முள்கரண்டியால் தளர்த்திப் பாதியை எடுத்துவிடுங்கள். கனம் மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே போனதும் பழையதைக் கிளறாமல் அதன்மேலேயே புதுச் சருகைத் தூவுங்கள். ஈப்போ மழைக்கு ஆண்டில் இரண்டு அல்லது மூன்று தடவை தூவ வேண்டியிருக்கும்.